டான்சில்: எடுப்பதா, பொறுப்பதா?

பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் சில குழந்தைகளுக்கு மாதம் தவறாமல் தொண்டை புண்ணாகிறது. காய்ச்சல் 102, 103 என்று ஏறுகிறது. எச்சில் விழுங்கவே அழுகை. கழுத்தின் இருபுறமும் நெறி கட்டிக்கொள்கிறது. நான்கைந்து நாளில் தேறிப் பள்ளிக்குப் போனால் மூன்றாம் வாரம் மறுபடியும் படுக்கை. இப்படிப்பட்ட குழந்தைக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு மருத்துவம் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பதில் சொல்லிவருகிறது. முதல் நூற்றாண்டு ரோமில் செல்சஸ், கெட்டிப்பட்ட டான்சிலை விரலால் நெம்பி எடுக்கவும், வராவிட்டால் கொக்கியால் பிடித்திழுத்துக் கத்தியால் அறுக்கவும் முறை எழுதிவைத்தார். தொண்டை வீக்கங்களைக் கருவியால் அறுக்கும் குறிப்புகள் சுசுருத சம்ஹிதையிலும் உண்டு.

இன்று நிலவும் பதில்களை மூன்று பிரிவில் அடக்கலாம்: சதையை எடுத்துவிடு; ஒவ்வொரு முறையும் மருந்து கொடுத்து அடக்கு; வயது ஏற ஏறச் சரியாகும், பொறு. நம் ஊர்களில் ஒரே தெருவின் மூன்று கிளினிக்குகளில் இம்மூன்றையும் கேட்டுவிட முடியும். மூன்றுக்கும் பின்னால் வரலாறு இருக்கிறது. மூன்றிலும் ஓட்டை இருக்கிறது.

சதையின் வேலை

மூக்கின் பின்புறம் அடினாய்டு, தொண்டையின் இருபுறமும் டான்சில், நாக்கின் அடியில் இன்னொரு திட்டு. மூச்சும் உணவும் நுழையும் வாசலைச் சுற்றி அமைந்த இந்த நிணநீர்த் திசு வளையத்தை 1884இல் விவரித்தவர் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் வில்ஹெல்ம் வால்டயர். உள்ளே வரும் கிருமியை முதலில் அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் உண்டாக்குவது இதன் வேலை. ஏறக்குறைய மூன்று வயது முதல் பத்து வயது வரை அது மும்முரமாக இயங்குகிறது, பிறகு மெல்லச் சுருங்குகிறது. எனவே சிறு குழந்தையின் டான்சில் பெரிதாகத் தெரிவது மட்டுமே நோய்க்குச் சான்றாகாது. வேலை செய்யும் வயதில் அது பெரிதாகத்தான் இருக்கும். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்து, “சதை வளர்ந்திருக்கிறது” என்று சொல்லப்படும் தீர்ப்பில் பாதி, குழந்தையின் வயதைப் பற்றிய செய்திதான்.

கத்தியின் பொற்காலம்

1828இல் பிலடெல்பியாவின் பிலிப் சிங் பிசிக், டான்சிலை ஒரே வெட்டில் துண்டிக்கும் கில்லட்டின் வகைக் கருவியை அறிமுகப்படுத்தினார். கருவி கைக்கு வந்தபின் காரணமும் தேடி வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வில்லியம் ஹன்டரும் சிகாகோவில் பிராங்க் பில்லிங்ஸும் பரப்பிய ‘குவியத் தொற்று’க் கோட்பாடு, பல்லிலும் டான்சிலிலும் ஒளிந்திருக்கும் கிருமிகளே மூட்டுவலி முதல் இதயநோய் வரை பலவற்றுக்கும் மூலம் என்றது. அந்தக் கணக்கில் டான்சிலை எடுப்பது தொண்டைக்கான சிகிச்சை என்பதைத் தாண்டி, உடம்பு முழுவதற்குமான முன்னெச்சரிக்கையாகிவிட்டது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பள்ளி மருத்துவர்கள் வரிசையில் நிறுத்திக் குழந்தைகளைப் பரிந்துரைத்தார்கள். 1950களின் இறுதியில் அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டான்சில்கள் எடுக்கப்பட்டன.

இந்தப் பெருக்கை அளந்து பார்த்தவர்கள் கண்டது வியப்பானது. 1934இல் அமெரிக்கக் குழந்தைநலச் சங்கம் நியூயார்க்கில் 11 வயதுப் பள்ளிக் குழந்தைகள் 1,000 பேரை எடுத்துக்கொண்டது. 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் இல்லை. மீதி 389 பேரை மருத்துவர்களிடம் காட்டியபோது 174 பேருக்கு அறுவை சிகிச்சை தேவை என்றார்கள். தேவையில்லை என்று ஒதுக்கப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் அனுப்பியபோது அவர்களில் 99 பேருக்குத் தேவை என்று வந்தது. இரண்டு முறை தப்பிய 116 பேரை மூன்றாவதாக ஒரு குழு பார்த்தது. அதில் 51 பேருக்குத் தேவை. மூன்று சுற்றிலும் ‘தேவை’ என்ற விகிதம் நூற்றுக்கு 45ஐ ஒட்டியே இருந்தது. கடைசியில் யாராலும் பரிந்துரைக்கப்படாமல் எஞ்சியவர்கள் 65 பேர். ஹாரி பேக்வின் என்ற குழந்தை மருத்துவர் 1945இல் இதை விரிவாக எடுத்தெழுதினார். தன் முன் நிற்கும் கூட்டத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு டான்சில் கெட்டிருக்கும் என்ற எதிர்பார்ப்புடனேயே மருத்துவர்கள் டார்ச்சைக் கையில் எடுத்தார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் தருவது கடினம்.

பிரிட்டனில் ஜே. அலிசன் குளோவர் 1938இல் வெளியிட்ட ஆய்வு இதே உண்மைக்கு வேறு வழியில் வந்தது. அடுத்தடுத்த மாவட்டங்களில் அறுவை சிகிச்சை விகிதம் பல மடங்கு வேறுபட்டது. வசதியான வீட்டுப் பிள்ளைகளே அதிகம் அறுக்கப்பட்டார்கள். லண்டனை ஒட்டிய ஹார்ன்சியில் 1928இல் 186 பள்ளிக் குழந்தைகளுக்கு நடந்த சிகிச்சை, பள்ளி மருத்துவ அதிகாரி மாறியதும் அடுத்த ஆண்டு 12 ஆகச் சரிந்தது. அதனால் அந்த ஊர்க் குழந்தைகள் நலிந்துபோனதாக எந்தத் தடயமும் இல்லை. 1973இல் ஜான் வென்பெர்க்கும் ஆலன் கிட்டல்சனும் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கணக்கெடுத்தபோதும், பகுதிக்குப் பகுதி பத்து மடங்குக்கு மேல் ஏற்றத்தாழ்வு இருந்தது. தொண்டைகள் ஊருக்கு ஊர் அவ்வளவு மாறுபட வாய்ப்பில்லை.

எண்ணிக்கை என்ற அளவுகோல்

விகிதங்கள் கேள்விக்குள்ளான பிறகு, யாருக்கு உண்மையில் பலன் என்று பிரித்தறியும் முயற்சி தொடங்கியது. அதற்கும் முன்பே, முன்னோடியாக, நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் ஆல்பர்ட் கைசர், டான்சில் எடுத்த 2,200 குழந்தைகளையும் எடுக்காத 2,200 பேரையும் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 1930இல் எழுதினார். மூன்றாம் ஆண்டில் தெரிந்த பலன்களில் பல பத்தாம் ஆண்டில் மங்கிப்போயிருந்தன. ஆனால் யாரை எந்தக் குழுவில் சேர்ப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கும் பழக்கம் அப்போது இல்லை.

இன்று உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் அளவுகோல், பிட்ஸ்பர்கில் ஜாக் பாரடைஸ் குழுவின் உழைப்பிலிருந்து வந்தது. ஓராண்டில் 7 முறை, அல்லது இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 5 முறை, அல்லது மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு 3 முறை. ஒவ்வொரு முறையும் காய்ச்சலோ, கழுத்து நெறியோ, டான்சில் மேல் வெள்ளைப் படலமோ, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இருப்பதற்கான சோதனை முடிவோ இருந்திருக்க வேண்டும். அது மருத்துவரால் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். இந்த வரம்பைத் தொட்ட 187 குழந்தைகளைக் கொண்ட ஆய்வு 1984இல் வெளியானது. சிகிச்சை பெற்றவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் தொண்டைத் தொற்று தெளிவாகக் குறைந்தது. அதே ஆய்வின் இன்னொரு முடிவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: சிகிச்சை பெறாத குழந்தைகளிலும் பலர் அடுத்தடுத்த ஆண்டுகளில் மூன்று முறைக்கும் குறைவாகவே, அதுவும் பெரும்பாலும் லேசாகவே, நோயுற்றார்கள். வரம்புக்குக் கீழே இருந்த குழந்தைகளைப் பற்றி 2002இல் அதே குழு எழுதியபோது, கிடைக்கும் சிறு பலன் அறுவை சிகிச்சையின் ஆபத்துக்கும் செலவுக்கும் ஈடாகாது என்ற முடிவுக்கு வந்தது.

எண்ணிக்கையின் பெரிய பலவீனம் நினைவுதான். அடிக்கடி தொண்டைத் தொற்று வருவதாகப் பெற்றோர் சொன்ன, ஆனால் முறையான பதிவு இல்லாத 65 குழந்தைகளைப் பாரடைஸ் குழு தொடர்ந்து கவனித்து 1978இல் வெளியிட்ட கட்டுரையின்படி, சொல்லப்பட்ட அளவுக்கு உண்மையில் நோயுற்றவர்கள் 11 பேரே. பெற்றோர் பொய் சொன்னதாக இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. சளிக் காய்ச்சலும் இருமலும் தொண்டை வலியும் மனத்தில் ஒன்றாகக் கலந்துவிடும். தூங்காத இரவுகள் எண்ணிக்கையைப் பெருக்கும். மிக மோசமான கட்டத்தில்தான் யாரும் மருத்துவரைத் தேடிப் போகிறோம், மோசத்துக்கு அடுத்தது பெரும்பாலும் தணிவுதான். தமிழ்நாட்டில் இது இன்னும் சிக்கலாகிறது. ஒரு முறை குழந்தை மருத்துவர், ஒரு முறை மருந்துக்கடை, ஒரு முறை பாட்டியின் கைவைத்தியம் என்று பிரியும் குடும்பத்தில் ஏழு என்ற எண்ணை யார் எங்கே பதிவது? கையால் எழுதிய ஒரு காலண்டர் தாள் – தேதி, காய்ச்சல் அளவு, எத்தனை நாள், என்ன மருந்து – பல ஸ்கேன்களைவிட இங்கே பயன்படக்கூடும்.

ஏழு, ஐந்து, மூன்று என்ற எண்கள் ஓர் ஆய்வில் யாரைச் சேர்ப்பது என்பதற்காக வகுத்துக்கொண்ட வரம்பு என்பதும் மறக்கப்படுகிறது. ஆறு முறை வந்த குழந்தைக்கும் ஏழு முறை வந்த குழந்தைக்கும் உடலளவில் எந்தக் கோடும் இல்லை.

எவ்வளவு பலன், என்ன விலை

பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2014ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, சிகிச்சை பெற்ற குழந்தைகளுக்கு முதலாண்டில் சராசரியாக 3 முறையும், பெறாதவர்களுக்கு 3.6 முறையும் தொண்டை வலி வந்ததாகக் கணக்கிட்டது. அந்த மூன்றில் ஒன்று, அறுவை சிகிச்சையே தரும் வலி. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு இடைவெளி கூடுதலாக இருந்தது. நெதர்லாந்தில் 2 முதல் 8 வயது வரையான 300 குழந்தைகளிடம் நடந்து 2004இல் வெளியான சோதனையில், லேசான தொல்லை உள்ளவர்களுக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

சராசரி எல்லாவற்றையும் சொல்வதில்லை. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் நடந்து 2010இல் வெளியான சோதனையில், சீட்டுக் குலுக்கலுக்குச் சம்மதித்தவர்கள் 268 பேர். மறுத்துத் தாங்களே முடிவெடுத்த குடும்பங்கள் அதைவிட அதிகம், அவர்களில் பெரும்பாலோர் தேர்ந்தது அறுவை சிகிச்சையை. பொறுத்திருப்பதற்கும் விலை உண்டு: விடுபட்ட வகுப்புகள், தாயின் அல்லது தந்தையின் விடுப்பு, வீட்டின் நிம்மதி. ஆய்வுகள் தொண்டை வலியை எண்ணிய அளவுக்கு இவற்றை எண்ணியதில்லை.

எதிர்ப்பக்கத்தில் இரத்தக்கசிவு நிற்கிறது. இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 2003–04இல் ஏறத்தாழ 34,000 பேரைக் கணக்கெடுத்த தேசியத் தணிக்கையில் 3.5 சதவீதத்தினருக்குக் கசிவு ஏற்பட்டது. ஏறக்குறைய நூற்றில் ஒருவர் மீண்டும் அறுவை அரங்குக்குப் போக வேண்டியிருந்தது. ஐந்து முதல் பத்து நாட்களுக்குள் பொருக்கு உதிரும்போது வரும் கசிவு, குழந்தை வீட்டில் இருக்கும்போது வருவது. மருத்துவமனையிலிருந்து வெகுதொலைவில் வாழும் குடும்பத்துக்கு இந்த ஒரு செய்தியே முடிவை மாற்றலாம். வலிக்குக் கோடீன் கொடுக்கும் பழைய வழக்கம், அதை வேகமாக மார்ஃபினாக மாற்றும் உடல்வாகு கொண்ட சில குழந்தைகள் மூச்சடங்கி இறந்த பிறகு, 2013இல் அமெரிக்காவில் கடும் எச்சரிக்கையுடன் தடுக்கப்பட்டது.

மருந்தும் இதயமும்

குழந்தைகளின் தொண்டைத் தொற்றில் பெரும்பகுதி வைரஸால் வருவது. ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் காரணமாக இருப்பது பள்ளி வயதில் நூற்றுக்கு 20 முதல் 30 வரை. மூன்று வயதுக்குள் அரிது. ஆன்டிபயாடிக் கொடுத்தால் தொண்டை வலி சராசரியாகச் சுமார் 16 மணி நேரம் முன்னதாகத் தணிகிறது என்று தொகுப்பாய்வுகள் கூறுகின்றன. இந்த லாபத்துக்காக மாதாமாதம் ஒரு பாட்டில் சிரப் என்பது நியாயப்படுத்த முடியாதது என்று மேற்கத்திய மருத்துவர்கள் வாதிடுவதில் பொருள் இருக்கிறது.

அந்த வாதத்தை அப்படியே இங்கே இறக்க முடியாததற்குக் காரணம் ருமாட்டிக் காய்ச்சல். ஸ்ட்ரெப் தொண்டைத் தொற்றுக்குச் சில வாரங்கள் கழித்து மூட்டுகளைத் தாக்கி, இதய வால்வுகளைச் சிதைக்கும் நோய் அது. உலக நோய்ச்சுமைக் கணக்கின்படி 2015இல் ருமாட்டிக் இதயநோயால் இந்தியாவில் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,19,000 பேர். எந்த நாட்டையும்விட அதிகம். அமெரிக்காவின் வாரன் விமானப்படைத் தளத்து வீரர்களிடம் செய்து 1950இல் வெளியான ஆய்வு, பென்சிலின் கொடுத்தால் இந்தக் காய்ச்சல் வராமல் தடுக்கலாம் என்று காட்டியது. தொற்று தொடங்கி ஒன்பது நாள் கழித்துத் தொடங்கினாலும் பெரிதும் பலிக்கிறது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் இந்தக் கிருமி பென்சிலினுக்கு அடங்கியே இருக்கிறது என்பது மருத்துவத்தில் அபூர்வமான நல்ல செய்தி.

நடைமுறையோ தலைகீழாக இருக்கிறது. தொண்டைச் சளியை எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்ப்பதும், சில நிமிடங்களில் முடிவு சொல்லும் உடனடிச் சோதனையும் சிறு ஊர்களில் அரிது. எனவே எல்லாருக்கும் மருந்து. அதுவும் பத்து நாள் அமாக்சிசிலினுக்குப் பதில் மூன்று அல்லது ஐந்து நாள் அசித்ரோமைசின். 2019இல் இந்தியத் தனியார் சந்தையில் மிக அதிகம் விற்ற ஆன்டிபயாடிக் வடிவம் அசித்ரோமைசின் 500 மி.கி. மாத்திரை என்று 2022இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. வைரஸ் காய்ச்சலுக்கு மருந்து வீணாகிறது. உண்மையான ஸ்ட்ரெப் வந்த குழந்தைக்கோ, காய்ச்சல் விட்டதும் இரண்டாம் நாள் பாட்டில் அலமாரிக்குப் போகிறது. அளவுக்கு மீறிய மருந்தும் போதாத மருந்தும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

இங்கே இன்னொரு கண்ணியும் உண்டு. பள்ளிக் குழந்தைகளில் பத்துப் பதினைந்து சதவீதத்தினர், சில பருவங்களில் அதற்கும் மேல், நோய் ஏதும் இன்றியே ஸ்ட்ரெப் கிருமியைத் தொண்டையில் சுமக்கிறார்கள். அவர்களுக்கு வைரஸ் தொண்டைவலி வரும் ஒவ்வொரு முறையும் சோதனை ‘ஸ்ட்ரெப்’ என்றே சொல்லும். ‘மறுபடி மறுபடி ஸ்ட்ரெப்’ என்று வரும் சிலரின் கதை இதுவாக இருக்கலாம். ருமாட்டிக் காய்ச்சலுக்கு அஞ்சி டான்சிலை எடுப்பது பழைய பழக்கம். பென்சிலினுக்கு அது மாற்றாகாது. ஸ்ட்ரெப் தொற்றின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காக மட்டும் அறுவை சிகிச்சை வேண்டாம் என்றே அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2012 வழிகாட்டுதலும் சொல்கிறது.

கைவைத்தியமும் மற்றவையும்

அதிமதுரம், கற்பூரவல்லிச் சாறு, மஞ்சளும் மிளகும் போட்ட பால், உப்புநீர்க் கொப்புளிப்பு, கழுத்தில் சுண்ணாம்பும் தேனும் குழைத்த பற்று: வலியை ஆற்றுவதில் இவற்றில் சிலவற்றுக்கு இடம் உண்டு. தொற்று திரும்பத் திரும்ப வருவதைத் தடுக்கின்றனவா என்பது வேறு கேள்வி. அதற்கான சான்று மெலிது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது, பொட்டுலிச நச்சின் ஆபத்து உண்டு. ஜப்பானில் பெரியவர்களிடம் நடந்து 2005இல் வெளியான சோதனையில் வெறும் தண்ணீரால் தினமும் கொப்புளித்தவர்களுக்குச் சளித்தொற்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அயோடின் மருந்து கலந்து கொப்புளித்தவர்களுக்குக் குறையவில்லை. ஆனால் நான்கு வயதுக் குழந்தை கொப்புளிப்பதைவிட விழுங்குவதே அதிகம்.

ஹோமியோபதியை நாடும் குடும்பங்கள் இங்கே ஏராளம். நெதர்லாந்தில் அடிக்கடி சளித்தொற்று வரும் ஏறத்தாழ 170 குழந்தைகளுக்கு ஓராண்டு தனித்தனியே மருந்து தேர்ந்து கொடுத்த சோதனை 1994இல் வெளியானது. மருந்துக் குழுவுக்கும் போலி மருந்துக் குழுவுக்கும் இடையே நிச்சயமாகச் சொல்லக்கூடிய வேறுபாடு இல்லை. இரண்டு குழுவிலும் ஆன்டிபயாடிக் தேவை கணிசமாகக் குறைந்தது. காலம் செய்த வேலைக்கு எந்த மருந்துச்சீட்டும் உரிமை கோரலாம்.

ஐஸ்கிரீம் மீதான தடையை நியாயப்படுத்தும் ஆதாரம் இல்லை. வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகை தொற்றைக் கூட்டுகிறது என்பதற்கு உண்டு. கராச்சியில் சோப்புப் போட்டுக் கைகழுவ ஊக்குவித்த பகுதிகளில் ஐந்து வயதுக்குட்பட்டோரின் நிமோனியா பாதியாகக் குறைந்ததை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. தொண்டைத் தொற்றுக்கும் அந்தப் பலன் ஓரளவு நீளும் என எதிர்பார்ப்பது தவறாகாது.

கேள்வியே மாறும் இடங்கள்

குறட்டை விட்டு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குழந்தையின் விஷயத்தில் எண்ணிக்கை பொருந்தாது. அமெரிக்காவில் இன்று இந்த அறுவை சிகிச்சைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். 5 முதல் 9 வயது வரையான 464 குழந்தைகளைக் கொண்டு 2013இல் வெளியான சோதனையில், சிகிச்சை பெற்றவர்களில் 79 சதவீதத்தினருக்குத் தூக்கப் பதிவு சீரானது. காத்திருந்தவர்களிலும் 46 சதவீதத்தினருக்குச் சீரானது.

மூன்று முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை, கடிகாரம் வைத்தாற்போல் காய்ச்சல், வாய்ப்புண், தொண்டை வலி, கழுத்து நெறி என்று வந்து தானே போகும் ஒரு நோய் 1987இல் விவரிக்கப்பட்டது. பிஃபாபா என்று சுருக்கமாக அழைக்கப்படும் இது தொற்றே இல்லை, ஆன்டிபயாடிக்குக்குக் கேட்காது. ஒரு வேளை ஸ்டீராய்டுக்கு மணிக்கணக்கில் அடங்கும், டான்சிலை எடுத்தால் பலருக்கு நின்றுபோகிறது. இது தெரியாமல் ஆண்டுக்கணக்கில் ஆன்டிபயாடிக் குடித்த குழந்தைகள் இருப்பார்கள்.

இன்னும் தீராதவை

எடுத்த பிறகு எதிர்ப்புச் சக்தி குறையுமா என்ற அச்சம் பழையது. 1940களில் போலியோ பரவும் பருவத்தில் இந்த அறுவை சிகிச்சையைத் தவிர்த்தார்கள். அப்போது டான்சில் எடுத்தவர்களுக்கு மூளைத்தண்டைத் தாக்கும் வகை போலியோ அதிகம் காணப்பட்டது. 2018இல் டென்மார்க்கின் ஏறத்தாழ 12 லட்சம் பேரின் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள், ஒன்பது வயதுக்குள் டான்சில் எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் மேல்சுவாச நோய்கள் இரண்டு மூன்று மடங்கு கூடியதாக எழுதினார்கள். ஏற்கெனவே நோய்வாய்ப்பட்டவர்களுக்குத்தானே டான்சில் எடுக்கிறார்கள் என்ற எதிர்வாதத்தை அந்த ஆய்வால் முழுமையாகத் தள்ள முடியவில்லை. அச்சம் நிரூபணமாகவில்லை, அபத்தம் என்றும் ஒதுக்க முடியாது. அறுவை முறையிலும் ஒரு கேள்வி மிச்சம்: டான்சிலை முழுதாக எடுக்காமல், உறையை விட்டுவிட்டு உள்சதையை மட்டும் செதுக்கும் முறையில் வலியும் கசிவும் குறைகின்றன. மிஞ்சும் சதை மறுபடி வளருமா, தொற்றைத் தடுக்குமா என்பது நீண்டகாலக் கணக்கில் தெளிவாக வேண்டும்.

நூறாண்டுச் சான்றுகளை ஒருசேர வைத்துப் பார்த்தால், கடுமையாகவும் அடிக்கடியும் தாக்கப்படும் சிறு எண்ணிக்கையிலான குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை ஓரிரு ஆண்டு நிம்மதி தருகிறது என்பதும், மற்றவர்களுக்கு வயதே பெரும்பாலான வேலையைச் செய்கிறது என்பதும் ஓரளவு உறுதியானவை. ஆனால் இந்தச் சான்றுகளின் பெரும்பகுதி ருமாட்டிக் காய்ச்சல் அரிதாகிவிட்ட, குடும்ப மருத்துவரிடம் எல்லாப் பதிவும் இருக்கிற, இரத்தம் கசிந்தால் அரைமணியில் அறுவை அரங்கை அடைய முடிகிற நாடுகளில் திரட்டப்பட்டவை. ஆண்டுக்கு ஆறு முறை படுக்கும், நூறு கிலோமீட்டர் சென்றால்தான் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பார்க்க முடிகிற, ஸ்ட்ரெப் சோதனை ஒருமுறைகூடச் செய்யப்படாத ஐந்து வயதுக் குழந்தைக்கு ஏழு, ஐந்து, மூன்று என்ற விதி என்ன சொல்கிறது என்பதற்கு அந்த ஆய்வுகளில் விடை இல்லை.